உள்ளத்தின் நோய்க்கான காப்பீட்டுத் தொகை சலுகை அன்று, நம் ஹக்கு

 

வீட்டில் ஒருவருக்கு மாரடைப்பு என்றால் காப்பீட்டு அட்டையைத் தேடி எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடுகிறோம். அதே வீட்டில் ஒரு பெண் பிள்ளை பெற்ற பின்னர் உறக்கமின்றி, உணவின்றி, குழந்தையை ஏறிட்டும் பாராமல் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தால் அந்த அட்டையைப் பெட்டியில் பூட்டிவிட்டு, அவள் வளையலை அடகு வைக்கப் போகிறோம். அடகுக்கான காரணத்தைக் கேட்பவரிடம் வேறு ஏதேனும் சொல்கிறோம். மருத்துவர் ரசீது வேண்டுமா என்றால் வேண்டாம் என்கிறோம்.

காப்பீட்டு நிறுவனங்களுக்கு இதைவிட இலாபமான வாடிக்கையாளர் எங்கே கிடைப்பார்? சந்தாவைத் தவறாமல் கட்டுகிறார். தமக்கு உரியதைக் கேட்க வெட்கப்படுகிறார். கேட்பவரையோ, ‘உங்கள் மருத்துவமனை எங்கள் பட்டியலில் இல்லை’ என்ற ஒற்றை வரியில் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். இந்த இரண்டு அநீதிகளையும் சேர்த்தே பேச வேண்டியுள்ளது. நிறுவனத்தின் அநீதி ஒன்று. நம் வீட்டுக்குள்ளேயே நாம் வளர்க்கும் வெட்கம் மற்றொன்று.

சட்டம் என்ன சொல்கிறது?

மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017இல் இயற்றப்பட்டு, 2018 மே 29 முதல் நடைமுறையில் உள்ளது. அதன் 21ஆம் பிரிவின் 4ஆம் உட்பிரிவு, உடல்நோய்ச் சிகிச்சைக்கு எந்த அடிப்படையில் காப்பீடு வழங்கப்படுகிறதோ அதே அடிப்படையில் மனநோய்ச் சிகிச்சைக்கும் ஒவ்வொரு காப்பீட்டு நிறுவனமும் வழிசெய்ய வேண்டும் என்கிறது. இது வேண்டுகோள் அன்று, கட்டளை. அதே ஆண்டு ஆகஸ்டில் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. இதைச் சுற்றறிக்கையாக நிறுவனங்களுக்கு அனுப்பியது. 2019 செப்டம்பரில் விலக்குகளை வரையறுத்தபோது, மனநோய்ச் சிகிச்சையை விலக்குப் பட்டியலில் சேர்க்கக் கூடாது என்றது. அப்படியும் எல்லா நிறுவனங்களும் அடங்கவில்லை. 2022 அக்டோபரில் மீண்டும் ஒரு சுற்றறிக்கை வெளியிட்டு, அம்மாத இறுதிக்குள் எல்லாப் பாலிசிகளும் சட்டத்துக்கு இணங்க வேண்டும் என்று கெடு விதிக்க நேர்ந்தது. நாடாளுமன்றம் இயற்றிய ஒரு வரியைச் செயற்படுத்த நான்கு ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருக்கிறது.

இடைப்பட்ட காலத்தில் வாசல் வாசலாக அலைந்தவர்கள் நோயாளிகளின் குடும்பத்தினர். மனநோய்க்கு மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெற்ற ஒரு பாலிசிதாரரின் கோரிக்கையை நேஷனல் இன்சூரன்ஸ் நிறுவனம் மறுத்த வழக்கில், தில்லி உயர் நீதிமன்றம் 2021 ஏப்ரல் 19 அன்று தீர்ப்பளித்தது. சட்டம் நடைமுறைக்கு வந்த நாளிலிருந்தே நிறுவனங்கள் அதற்குக் கட்டுப்பட்டவை. பழைய பாலிசியின் விலக்கு வாசகத்தைக் காட்டித் தப்பிக்க முடியாது என்பதே அத்தீர்ப்பின் சாரம். ‘எங்கள் பாலிசியில் மனநோய்க்கு இடமில்லை’ என்று இன்று ஒருவர் சொன்னால், அவர் அறியாமல் சொல்கிறார். அல்லது நீங்கள் அறியமாட்டீர்கள் என்று நம்பிச் சொல்கிறார்.

‘பட்டியலில் இல்லை’ என்னும் பூட்டு

ஆர்.கே.பேட்டை போன்ற எல்லைப்புற ஊரில் வாழும் ஒரு குடும்பத்தை எண்ணிப் பாருங்கள். ஒரு பக்கம் திருத்தணி மலை. மறுபக்கம் ஆந்திர எல்லை. 1960இல் திருத்தணிப் பகுதி நம் மாநிலத்தோடு இணைந்தபோது வரைபடத்தில் கோடு இடம் மாறியது. மக்களின் போக்குவரத்து மாறவில்லை. நெசவுத் தொழிலுக்கும் சந்தைக்கும் சம்பந்தத்துக்கும் கோட்டின் இரு பக்கமும் சென்றுவரும் மக்கள் இவர்கள். மருத்துவத்துக்கும் அப்படியே. வேலூருக்குச் செல்வார்கள், திருப்பதிக்குச் செல்வார்கள், இயலுமாயின் சென்னைக்குச் செல்வார்கள். அவசரத்தில் எந்தப் பேருந்து முதலில் வருகிறதோ, எந்த மருத்துவர் கிடைக்கிறாரோ அங்கே செல்வார்கள்.

மனநல மருத்துவர் ஒருவரைக் காண்பதே அரிது என்னும் இடத்தில், ‘ஏன் பட்டியலில் உள்ள மருத்துவமனைக்குச் செல்லவில்லை?’ என்று கேட்பது கேலியாகும். பட்டியலைத் தயாரித்தது நோயாளி அன்று. தொலைவை வகுத்ததும் அவரன்று. பட்டியல் என்பது நிறுவனம் தன் வசதிக்காக மருத்துவமனைகளோடு செய்துகொண்ட விலை ஒப்பந்தம். அந்த ஒப்பந்தம் இல்லாத இடத்தில் கேஷ்லெஸ் வசதி கிடைக்காமல் போகலாம். உரிமையே இல்லாமற் போகாது. பெரும்பாலான தனியார் பாலிசிகள், பட்டியலில் இல்லாத மருத்துவமனையில் நாமே பணம் கட்டிவிட்டுப் பின்னர் ரசீதுகளைக் கொடுத்துத் தொகையைத் திரும்பப் பெற இடமளிக்கின்றன. இதைச் சொல்ல வேண்டிய முகவர் பாலிசி விற்கும் நாளில் சொல்வதில்லை. மறுக்கும் நாளில் அலுவலகமும் சொல்வதில்லை.

அரசு ஊழியர்களின் நிலையும் இத்தகையதே. ஊதியத்திலிருந்து மாதந்தோறும் சந்தா பிடிக்கப்படுகிறது. அவசரத்தில் வேறு மருத்துவமனைக்குச் சென்றுவிட்டால் கோரிக்கை திரும்பி வருகிறது. இந்த வாதத்தை நீதிமன்றங்கள் ஏற்கவில்லை. மத்திய அரசின் ஓய்வுபெற்ற அதிகாரியான சிவகாந்த் ஜா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2018 ஏப்ரல் 13 அன்று அளித்த தீர்ப்பு தெளிவானது. மருத்துவமனையின் பெயர் அரசின் பட்டியலில் இல்லை என்பதை மட்டுமே காரணமாக்கி மருத்துவச் செலவை மறுக்க முடியாது. சிகிச்சை உண்மையில் பெறப்பட்டதா, ஆவணங்கள் அதை மெய்ப்பிக்கின்றனவா என்பதையே பார்க்க வேண்டும். நம் சென்னை உயர் நீதிமன்றமும் தமிழக அரசு ஊழியர், ஓய்வூதியர் வழக்குகள் பலவற்றில் இதே வழியில் தீர்ப்பளித்துள்ளது. ஆயினும் அடுத்த ஊழியர் வந்து நிற்கும்போது அதே பழைய மறுப்புக் கடிதமே கையில் தரப்படுகிறது. வழக்குத் தொடுக்கச் சலிப்படைவார் என்பதே கணக்கு.

‘அதே அடிப்படை’ என்னும் சூழ்ச்சி

இன்னொரு கதவும் அடைபட்டிருக்கிறது. அதைப் பற்றிப் பேசுவோர் குறைவு.

பொதுவான மருத்துவக் காப்பீடு, மருத்துவமனையில் குறைந்தது 24 மணி நேரம் தங்கியிருந்தால்தான் பணம் தரும். வெளிநோயாளிச் செலவு அதில் சேராது. உடலுக்கும் அப்படித்தான், மனத்துக்கும் அப்படித்தான், ‘அதே அடிப்படைதானே’ என்கின்றன நிறுவனங்கள். கேட்பதற்குச் சமநீதி போலத் தோன்றும். உண்மையில் அது சமமற்றவற்றைச் சமமென்று அளக்கும் தராசு. குடல்வாலுக்கு அறுவை சிகிச்சை மருத்துவமனைப் படுக்கையில்தான் நடக்கும். மனச்சோர்வுக்கும் பதற்ற நோய்க்கும் பெரும்பாலும் படுக்கை தேவையில்லை. வாரந்தோறும் ஒரு மணி நேரம், பயிற்சி பெற்ற உளவியலாளர் எதிரே அமர்ந்து பேசுவதே சிகிச்சை. அதோடு தேவைப்பட்டால் மாத்திரை. இந்தச் சிகிச்சை முழுவதையும் காப்பீட்டுக்கு வெளியே நிறுத்திவிட்டு, ‘மனநோய்க்குக் காப்பீடு தருகிறோம்’ என்று விளம்பரம் செய்வது எப்படி நேர்மையாகும்?

இதன் விளைவையும் நினைத்துப் பாருங்கள். நோய் சிறிதாக இருக்கும்போது பேசித் தீர்க்க வந்தவருக்கு ஒரு ரூபாய் கிடையாது. அவர் பணமின்றிச் சிகிச்சையை நிறுத்தி, நோய் முற்றி, படுக்கையில் சேர்க்கப்படும் நிலை வந்தால் பல ஆயிரம் கிடைக்கும். நோயாளி வீழ்ந்த பிறகே கை நீட்டும் ஏற்பாடு இது. மார்க்கம் ஒருபுறம் இருக்கட்டும். வணிகக் கணக்குக்குக்கூட இது அறிவுடைமை ஆகாது. உளவியல் ஆலோசனைக்கான வெளிநோயாளிச் செலவை எல்லாப் பாலிசிகளிலும், அரசு ஊழியர் திட்டத்திலும் சேர்க்க வேண்டும் என்று கேட்பது நம் கடமை. தொழிலாளர்களுக்கான இ.எஸ்.ஐ. திட்டம் வெளிநோயாளிச் சிகிச்சையையும் உள்ளடக்கியே 1948ஆம் ஆண்டுச் சட்டம் முதல் நடந்து வருகிறது. அங்கே இயலுவது மற்ற இடங்களில் ஏன் இயலாது?

நம் வீட்டு வெட்கம்

நிறுவனங்களைச் சாடிவிட்டு நிறுத்திவிட்டால் பாதி உண்மையே சொன்னதாகும். மறுபாதி கசப்பானது.

மனநோய் என்று எழுதாதீர்கள், ‘உடல் பலவீனம்’ என்று எழுதிக் கொடுங்கள் என மருத்துவரிடம் கெஞ்சுவோர் நம்மிடையே உள்ளனர். மகளுக்குச் சம்பந்தம் வராது, மகனுக்கு வேலை போய்விடும், ஜமாஅத்தில் பேச்சு வரும் என்பது அச்சம். அச்சம் புரிகிறது. ஆனால் அதன் பலன் என்ன? பலவீனத்துக்குப் பத்து நாள் படுக்கையா என்று நிறுவனம் கேட்கும், கோரிக்கை தள்ளுபடியாகும். பாலிசி எடுக்கும் படிவத்தில் முன்பே இருந்த சிகிச்சையை மறைத்தவர், பிற்பாடு நெஞ்சுவலிக்குக் கோரும்போதும் ‘உண்மையை மறைத்தீர்’ என்று மறுக்கப்படுவார். ஒரு பொய் இரண்டு உரிமைகளைத் தின்றுவிடுகிறது. பொய்ச் சாட்சியம் எவ்வளவு பெரிய பாவம் என்பதை மிம்பரில் கேட்டு வளர்ந்த நாம், ஒரு மருத்துவச் சீட்டில் அதை எழுதச் சொல்லிக் கேட்பது எப்படி?

இரகசியம் காக்க வேறு வழி இல்லாமல் இல்லை. அதே 2017ஆம் ஆண்டுச் சட்டம் 23ஆம் பிரிவில், மனநோயாளரைப் பற்றிய விவரங்கள் இரகசியமாகக் காக்கப்பட வேண்டும் என்னும் உரிமையைத் தருகிறது. பொய்யான சீட்டை நம்புவதைவிட இந்த உரிமையை நம்பலாம்.

வெட்கத்தின் கடைசி எல்லை எது என்பதை நம் மாநிலம் ஒருமுறை கண்டது. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை, இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் மனநோயாளர் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் மாண்டனர். பல மதத்தினரும் பல ஊர்களிலிருந்து கொண்டுவந்து விட்ட மனிதர்கள் அவர்கள். அவர்களுள் எத்தனை பேரின் வீட்டில் அவர்களைப் பற்றிப் பேசுவதே நின்றுபோயிருக்கும்! இன்று அச்சங்கிலியைச் சட்டத்தின் 95ஆம் பிரிவு தடைசெய்துவிட்டது. நாக்கில் பூட்டிய சங்கிலியை எந்தப் பிரிவு அவிழ்க்கும்?

ஈமான் குறைவா?

‘ஐந்து வேளை தொழுபவருக்கு மனநோய் வருமா? ஈமான் குறைவு, ஓதிப் பாருங்கள் போதும்’ என்பார் சிலர். ஓதுவதை நாம் மறுக்கவில்லை. துஆ முஃமினின் ஆயுதம். ஆனால் சர்க்கரை நோயாளியிடம் இன்சுலினை நிறுத்திவிட்டு ஓதச் சொல்வோமா?

யஃகூப் (அலை) அவர்கள் ஒரு நபி. மகன் யூசுஃப் (அலை) அவர்களைப் பிரிந்த துயரத்தில் அவர்களின் கண்கள் வெளுத்துப்போனதைச் சூரா யூசுஃபின் 84ஆம் வசனம் கூறுகிறது. ஒரு நபியின் துயரத்தை அல்லாஹ் மறைக்கவில்லை. நீங்கள் யாருடைய துயரத்தை மறைக்கிறீர்கள்? மருந்து இல்லாத நோயை அல்லாஹ் இறக்கவில்லை என்று நபி (ஸல்) அவர்கள் கூறியதாகப் புகாரியில் வருகிறது. அதில் உடல்நோய், மனநோய் என்ற பிரிவினை இல்லை.

நம் முன்னோர் இதை நன்கு அறிந்திருந்தனர். கி.பி. 934இல் மறைந்த அபூ ஸைத் அல்பல்கி, உடலின் நலத்தையும் உள்ளத்தின் நலத்தையும் ஒரே நூலில் இரு பகுதிகளாக எழுதினார். உடலுக்கு நோய் வருவதுபோல் உள்ளத்துக்கும் வரும், இரண்டையும் பேண வேண்டும் என்பது அவர் கொள்கை. கெய்ரோவில் 1284இல் சுல்தான் கலாவூன் நிறுவிய மன்சூரி மருத்துவமனையில் மனநோயாளர்களுக்குத் தனிப் பகுதி இருந்தது. அதன் செலவை வக்ஃபு சொத்துகள் தாங்கின. உள்ளத்தின் சிகிச்சைக்குச் சமூகமே பணம் கொடுத்தது என்பது நம் வரலாறு. அந்த வரலாற்றுக்கு உரியவர்கள் இன்று ரசீது வாங்கக் கூச்சப்படுகிறார்கள்.

காப்பீடே கூடாதே என்போருக்கு

வணிகக் காப்பீட்டில் வட்டியும் நிச்சயமின்மையும் கலந்திருப்பதால் அது ஆகாது என்னும் ஆலிம்களின் கருத்தை நாம் அறிவோம். 1985இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச ஃபிக்ஹ் அகாடமியும் வணிகக் காப்பீட்டைத் தடுத்து, கூட்டுறவு முறையிலான காப்பீட்டையே மாற்றாகக் காட்டியது. தனியே ஒரு பாலிசி வாங்கலாமா என்பதை உங்கள் நிலையைச் சொல்லி ஆலிமிடம் கேளுங்கள். அதில் தலையிட நாம் வரவில்லை.

ஆனால் அரசு ஊழியரின் ஊதியத்தில் அவர் விருப்பத்தைக் கேளாமலே சந்தா பிடிக்கப்படுகிறது. தொழிற்சாலையும் நிறுவனமும் தம் பணியாளர்களைத் தாமே காப்பீட்டில் சேர்க்கின்றன. கட்டிய பணத்தைக் கேட்காமல் விட்டுவிடுவது பேணுதலா? அப்பணம் ஏழைக்குப் போகவில்லை. நிறுவனத்தின் பெட்டியில்தான் இருக்கிறது. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வை என்னும் கருத்தில் திர்மிதியில் வரும் நபிமொழியை நாம் அனைவரும் அறிவோம். கட்டுவதற்கான கயிறு கையில் இருக்கும்போது அதை வீசிவிட்டுத் தவக்குல் பேசுவது எந்த வகையைச் சேர்ந்தது?

செய்ய வேண்டியவை

குர்ஆனின் மிக நீளமான வசனம் அல்பகராவின் 282ஆம் வசனம். அது கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கும்படி ஏவும் வசனம். சிறிதாயினும் பெரிதாயினும் எழுதச் சோம்பாதீர் என்பது அதன் போதனை. மருத்துவச் செலவிலும் இதைப் பின்பற்றுவோம்.

1. ஒவ்வொரு ரசீதையும், மருந்துச் சீட்டையும், டிஸ்சார்ஜ் சம்மரியையும் அசலோடு கேட்டு வாங்குங்கள், நகலெடுத்து வையுங்கள். நோயின் பெயர் உண்மையாக எழுதப்பட்டிருக்கட்டும்.

2. மருத்துவமனையில் சேர்க்குமுன் அல்லது சேர்த்த உடனே நிறுவனத்துக்குத் தகவல் கொடுங்கள். பட்டியலில் இல்லாத மருத்துவமனையிலும் கேஷ்லெஸ் வசதி கேட்கும் வழி 2024 ஜனவரி முதல் உள்ளது. திட்டமிட்ட சிகிச்சையானால் 48 மணி நேரம் முன்பாகவும், அவசரமானால் சேர்த்த 48 மணி நேரத்துக்குள்ளும் அறிவிக்க வேண்டும். நிறுவனம் மறுத்தாலும் பணம் கட்டித் திரும்பக் கோரும் வழி திறந்தே இருக்கும்.

3. சேர்க்கும் மனநல மருத்துவமனை, மாநில மனநல ஆணையத்தில் பதிவு பெற்றதா என்று பாருங்கள். ஆலோசனை அளிக்கும் கிளினிக்கல் உளவியலாளர் இந்திய மறுவாழ்வுக் கழகத்தில் பதிவு பெற்றவரா என்றும் கேளுங்கள்.

4. படுக்கையில் சேர்ந்திருந்தால், சேர்வதற்கு முந்தைய நாட்களின் செலவும் வீடு திரும்பிய பிந்தைய நாட்களின் செலவும் பல பாலிசிகளில் உண்டு. பொதுவாக முன் 30 நாட்கள், பின் 60 நாட்கள். அந்நாட்களில் நடந்த ஆலோசனையின் ரசீதையும் சேர்த்தே அனுப்புங்கள்.

5. மறுத்தால் வாய்மொழியை ஏற்காதீர்கள். பாலிசியின் எந்த விதியின்படி மறுக்கிறீர்கள் என்று எழுத்தில் கேளுங்கள். நிறுவனத்தின் குறைதீர் அலுவலரிடம் முறையிடுங்கள். ஒரு மாதத்துக்குள் பதில் வராவிட்டாலோ பதில் நியாயமற்றதாயினும் ஓராண்டுக்குள் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் செல்லுங்கள். நம் மாநிலத்துக்கான அலுவலகம் சென்னையில் உள்ளது. கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை. அதன்பின் நுகர்வோர் ஆணையமும் இருக்கிறது.

6. அரசு ஊழியரும் ஓய்வூதியரும், பட்டியலில் இல்லாத மருத்துவமனையின் செலவுக்கு மாவட்ட ஆட்சியர் தலைமையிலான குழுவிடம் விண்ணப்பிக்கலாம். மேலே சொன்ன 2018ஆம் ஆண்டுத் தீர்ப்பைக் குறிப்பிட்டு எழுதுங்கள்.

7. பணமே இல்லை என்பதற்காகச் சிகிச்சையைத் தள்ளிப்போடாதீர்கள். மாவட்ட மனநலத் திட்டத்தின் கீழ் அரசு மருத்துவமனைகளில் இலவசச் சிகிச்சை உண்டு. 14416 என்னும் டெலிமானஸ் எண்ணில் எந்நேரமும் தமிழில் பேசலாம்.

ஜமாஅத்தின் பொறுப்பு

படிவம் நிரப்பத் தெரியாமல் உரிமையை இழப்போர் நம் மஹல்லாக்களில் ஏராளம். கல்லூரி படித்த இளைஞர்கள் இருவர், ஓய்வுபெற்ற அலுவலர் ஒருவர், வாரத்தில் ஒருநாள் அஸருக்குப் பிறகு பள்ளிவாசலில் அமர்ந்தால் போதும். காப்பீட்டுப் படிவமும் மேல்முறையீடும் எழுதித் தரலாம். பெண்கள் தயங்காமல் வர, பெண் ஒருவரும் பொறுப்பில் இருக்கட்டும். கேட்டதை வெளியே சொல்லக் கூடாது, அது அமானத். பைத்துல்மாலில் டயாலிசிஸுக்குக் கொடுப்பதுபோல் உளவியல் ஆலோசனைக்கும் கொடுங்கள். ஆண்டில் ஒரு ஜும்ஆ குத்பாவையேனும் உள்ளத்தின் நோய் பற்றியதாக அமையுங்கள். இமாம் மிம்பரில் ஒருமுறை ‘மருத்துவரிடம் செல்லுங்கள்’ என்று சொல்வது, நூறு வீடுகளில் பூட்டிய பெட்டிகளைத் திறக்கும்.

நிறுவனங்களிடம் நாம் தர்மம் கேட்கவில்லை. கட்டிய சந்தாவுக்கு உரியதைக் கேட்கிறோம். நம் வீட்டாரிடமும் நாம் இரக்கம் கேட்கவில்லை. நோயுற்ற மகளுக்கும் மகனுக்கும் தாய்க்கும் அவர்களுக்குரிய ஹக்கைக் கேட்கிறோம். கேளாத உரிமை கிடைப்பதில்லை. மறைத்த நோய் ஆறுவதில்லை.

யா அல்லாஹ்! எங்கள் உடல்களுக்கும் உள்ளங்களுக்கும் ஷிஃபாவைத் தருவாயாக. நோயுற்றவரைப் பழிக்காத நாவையும், உரிமையைக் கேட்க அஞ்சாத நெஞ்சையும் எங்களுக்குத் தருவாயாக. ஆமீன்.